செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன்: 'மாக்பெத்' நாடகத்தில் பழியின் மூன்று படிகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரிப் படி ஏறாதவன். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, 1978-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலேறி இந்தக் கல்கத்தாவுக்கு வந்து, போஸ்தா பஜாரில் ஒரு மொத்தக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். "ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை?" என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். நியாயமான கேள்விதான்.

காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் இரண்டு ரூபாய்க்கு 'மாக்பெத்' நாடகத்தின் பழைய பாடப் பதிப்பு ஒன்று கிடைத்தது. முந்தி அதை வைத்திருந்த மாணவன் ஓரமெல்லாம் வங்காளத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தான். ஆங்கில அகராதி ஒரு பக்கம், வங்காளக் குறிப்பு மறுபக்கம் என்று வைத்துக்கொண்டு, கடை சாத்தின பிறகு ராத்திரிக்கு ஒரு பக்கம் வீதம் படித்தேன். அன்றைக்குத் தொடங்கினது, நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் விடவில்லை.

இந்த நாடகத்துக்கும் நாம் குடியேறிய இந்த ஊருக்கும் உறவு பழையது. கிரீஷ் சந்திர கோஷ் வங்காளத்தில் மொழிபெயர்த்து 1893-இல் இங்குள்ள மினர்வா தியேட்டரில் மேடையேற்றினார். உத்பல் தத் 1975-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இதையே மேடைக்குக் கொண்டுவந்தார். அதிகாரத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லித் திட்டத் தேவைப்படவில்லை, நாடகமே சொல்லிற்று. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இதை 'மகபதி' என்று தழுவி எழுதினார். ஆகவே நாம் ஏதோ அந்நியச் சரக்கைப் பேசுவதாக நினைக்க வேண்டாம்.

பொதுவாக இந்த நாடகத்தை 'பேராசை பெருநஷ்டம்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக இவ்வளவு பெரிய நாடகம் வேண்டியதில்லை. ஆசைப்பட்டவன் ஒருவன்தான், பழியோ பல பேர் மேல் விழுகிறது. யார் யார் மேல், எவ்வளவு எவ்வளவு விழுகிறது என்று நிறுத்துப் பார்க்கிற நாடகம் இது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நூறும் எட்டும்

நிறுப்பதற்கு ஒரு தராசு வேண்டும். எனக்குத் தெரிந்த தராசு என் பாட்டி சொல்லிக்கொடுத்தது. ஜைன மரபில் 'தத்துவார்த்த சூத்திரம்' என்று ஒரு நூல் உண்டு. ஒரு வினை எத்தனை வழிகளில் ஆன்மாவில் வந்து ஒட்டும் என்று அது கணக்குப் போடுகிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என மூன்று. கோபம், செருக்கு, வஞ்சகம், லோபம் என நான்கு. பெருக்கினால் 108. ஜபமாலையில் 108 மணி இருப்பதற்கு இந்தக் கணக்கையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இதில் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஷேக்ஸ்பியர் இந்தச் சூத்திரத்தைப் படித்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் எழுதிய நாடகத்தை இந்தத் தராசில் வைத்தால் முள் ஆடாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

முதற்படி: தன் கையால்

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து மன்னன் டங்கன். அவனுடைய உறவினனும் தளபதியுமான மாக்பெத், போரில் ஜெயித்துத் தோழன் பாங்கோவோடு திரும்பி வருகிறான். வழியில் மூன்று சூனியக்காரிகள், நீ அரசனாவாய் என்று மாக்பெத்துக்கும், நீ அரசனாக மாட்டாய் ஆனால் உன் வம்சம் ஆளும் என்று பாங்கோவுக்கும் சொல்கிறார்கள். அன்றைக்கே மன்னன் மாக்பெத்துக்குப் புதுப் பதவி தருகிறான். பிறகு அவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறான். மனைவி தூண்ட, தூங்குகிற மன்னனை மாக்பெத் குத்திக் கொல்கிறான்.

கவனிக்க வேண்டியது, அவன் அறியாமல் செய்யவில்லை என்பது. கொலைக்கு முன்னால் தனியாக நின்று யோசிக்கிறான். நான் இவருக்கு உறவினன், குடிமகன், இப்போது வீட்டுக்காரன், வீட்டுக்காரன் கதவைக் காவல் காக்க வேண்டியவன், கத்தி எடுக்க வேண்டியவன் அல்ல, மன்னரோ சாதுவானவர், எனக்கு இருப்பதெல்லாம் ஆசை ஒன்றுதான் என்கிறான். வரவு, செலவு இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதி, நஷ்டம் என்று கூட்டியும் பார்த்துவிட்டான். மனைவியிடம் இதோடு விட்டுவிடுவோம் என்றும் சொல்கிறான். அவள், நீ ஆண்பிள்ளையா என்று கேட்கிறாள். கூட்டின கணக்கு கிழிந்துபோகிறது.

இன்னொன்று. தனியாக இருக்கும்போது 'கொலை' என்ற சொல்லைச் சொல்ல அவனுக்குக் கூச்சமில்லை. மனைவியோடு பேசும்போதோ பெரும்பாலும் 'காரியம்', 'செயல்' என்றே போகிறது பேச்சு. அவளும் இன்றிரவுக் 'காரியம்' என்கிறாள். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல், இன்று நாம் 'பிசினஸ்' என்கிறோமே, அதேதான். அந்தக் காலத்தில் அதற்கு 'விவகாரம்' என்ற பொருளே உண்டு, வியாபாரம் என்று எடுக்கக் கூடாது. ஆனாலும் ஒரு வியாபாரிக்கு அந்த இடம் சுருக்கென்று தைக்காமல் போகாது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு தப்பைச் செய்யும்போது அதற்கு முதலில் வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

தன் கையால் செய்தபோது அவன் நடுங்கினான். இல்லாத கத்தியைக் கண்டான். இனித் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கேட்டது. கத்திகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க மறுத்தான். இந்த நடுக்கம்தான் அவனிடம் மிச்சமிருந்த கடைசி முதல்.

இரண்டாம் படி: பிறர் கையால்

அரசனான பிறகு பாங்கோவைப் பார்த்தால் அவனுக்குப் பயம். தானே வாளெடுத்திருக்கலாம், அதிகாரம் கையில் இருக்கிறது. ஆனால் இரண்டு ஏழைகளை அழைத்து, உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் பாங்கோதான் காரணம் என்று ஓதி அவர்களை அனுப்புகிறான். பிறகு மூன்றாவதாக இன்னொருவனும் போய்ச் சேர்ந்துகொள்கிறான். மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. நீ இப்போது ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம், முடிந்த பிறகு பாராட்டினால் போதும் என்கிற தோரணையில் கொஞ்சுகிறான்.

இந்த இடத்தை அன்பர்கள் நின்று படிக்க வேண்டும். அறிய வேண்டாம், ஆமோதித்தால் போதும்! எங்கள் நூல் மூன்றாவதாகச் சொல்லும் 'உடன்படுதல்' என்பதை, கணவன் மனைவிக்குப் பரிசு மாதிரி நீட்டுகிறான்.

விருந்து நடக்கிறது. பாங்கோவின் தலையில் இருபது வெட்டு, உடல் பள்ளத்தில் கிடக்கிறது என்று கூலிக்காரன் வந்து சொல்கிறான். பாங்கோவின் மகன் தப்பிவிட்டான். மாக்பெத் திரும்பினால் அவனுடைய ஆசனத்தில் பாங்கோவின் ஆவி உட்கார்ந்திருக்கிறது. அவன் வாயிலிருந்து முதலில் வருவது மன்னிப்பு அல்ல, பிரார்த்தனை அல்ல. 'நான்தான் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது' என்கிற வக்கீல் வாதம்!

டங்கனைக் கொன்றபோது இந்த வாதம் அவனுக்குத் தோன்றவில்லை. ரத்தம் கையிலேயே இருந்தது. இப்போது கை சுத்தம். உலகத்தில் செய்வித்தவர்கள் எல்லோருக்கும் இருக்கிற ஒரே வாதம் இதுதான். ஆவி இதற்குப் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறது. வாதம் தள்ளுபடி என்று அர்த்தம்.

அடுத்தது மாக்டஃபின் வீடு. மாக்டஃப் இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும், அவன் மனைவி மக்களை ஆள் விட்டுக் கொல்லச் சொல்கிறான். அந்தப் பெண்ணாலோ குழந்தைகளாலோ சிம்மாசனத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை. சின்னப் பையன் ஒருவனை மேடையிலேயே குத்துகிறார்கள். இந்தத் தடவை கத்தியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை, ஆவியும் வரவில்லை.

முதலில் தன் கை, பெரிய நடுக்கம். அடுத்தது கூலி, கொஞ்சம் நடுக்கம். அதற்கடுத்தது காரணமே இல்லாத கொலை, நடுக்கமே இல்லை. பாவம் ஏற ஏற நடுக்கம் இறங்குகிறது. கடைசியில் மனைவி இறந்தாள் என்று வந்து சொல்லும்போதுகூட அழ முடியாத மரக்கட்டையாக நிற்கிறான். தண்டனை மாக்டஃபின் வாளில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு என்னவோ, தண்டனை இந்த மரத்துப்போன நிலையிலேயே முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

லேடி மாக்பெத் விஷயம் தலைகீழ். அவள் குத்தவில்லை. காவலர்களின் பானத்தில் மருந்து கலந்தாள், கத்திகளை எடுத்து வைத்தாள், தூங்குகிற மன்னன் தன் அப்பா ஜாடையாக இருந்ததால் குத்தாமல் திரும்பினாள். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்று சொன்னவளும் அவளே. அந்தக் கைதான் பின்னால் தூக்கத்தில் கழுவிக்கொண்டே இருக்கிறது. குத்தின கை மரத்துவிட்டது, குத்தாத கை மணக்கிறது! தூக்கத்தில் மாக்டஃபின் மனைவியைப் பற்றியும் கேட்கிறாள். அந்தக் கொலையில் அவளுக்குப் பங்கு இருந்ததாக நாடகம் காட்டவில்லை. ஆனாலும் அதையும் தன் பற்றில் எழுதிக்கொள்கிறாள்.

மூன்றாம் படி: பாங்கோவின் மௌனம்

இனி நான் உண்மையில் எழுத வந்த ஆளுக்கு வருகிறேன். பாங்கோவை நல்லவன் என்றே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், மாக்பெத்தும் பாங்கோவும். மன்னன் கொலையான காலையில், மாக்பெத்துக்கு அப்படி ஓர் ஆசை காட்டப்பட்டது என்று வெளியே சொல்லக்கூடிய ஆள் பாங்கோ ஒருவன்தான். மறைந்திருக்கும் துரோகத்தை எதிர்த்து நிற்பேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறான். அப்புறம்? ஒன்றும் இல்லை. முடிசூட்டு நடந்தது, அரண்மனையில் பெரிய மரியாதை கிடைத்தது. மூன்றாம் அங்கம் தொடங்கும்போது அவன் தனியே பேசுகிறான்: இவன் இதை முறைகேடாகத்தான் அடைந்திருப்பான் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சரி, அடுத்து என்ன சொல்ல வேண்டும்? அதனால் நான் இதை வெளியே சொல்லப்போகிறேன் என்றுதானே? அவன் சொல்வது வேறு: அவனுக்குச் சொன்னது பலித்ததென்றால் எனக்குச் சொன்னதும் பலிக்கலாமே! அதற்குள் எக்காளம் ஊதுகிறது, வாயை மூடிக்கொள்கிறான்.

இங்கிலீஷ் பேராசிரியர் ஏ.சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் பாங்கோவின் இந்த மௌனத்தைக் குற்றமாகவே எடுத்துப் பேசுகிறார். எனக்கு அது தெரியும் முன்பே மனசில் முள்ளாகக் குத்தியிருந்தது.

இதில் ஒரு சரித்திரச் சங்கதி இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஹாலின்ஷெட் என்பவர் தொகுத்த வரலாற்றிலிருந்து எடுத்தார். அதன் 1587-ஆம் வருஷப் பதிப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நூலில் பாங்கோ கொலைக்கு முழுக் கூட்டாளி! ஆனால் 1603-இல் இங்கிலாந்து சிம்மாசனம் ஏறிய ஜேம்ஸ் மன்னர், தம்மைப் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். நாடகம் எழுதப்பட்டது ஏறக்குறைய 1606-இல். ராஜாவின் பாட்டனைக் கொலைகாரன் என்று மேடையில் காட்ட முடியுமா? அதனால் கூட்டாளியை நல்லவனாக்கினார். ஆனால் முழுக்கக் கழுவிவிடவில்லை. கையிலிருந்த கத்தியை எடுத்துவிட்டு, வாயில் மௌனத்தை வைத்தார். ராஜாவுக்குத் திருப்தி, விவரம் தெரிந்தவனுக்கு உறுத்தல். நிஜ சரித்திரத்து மாக்பெத்தோ 1040-இல் போரில் டங்கனைக் கொன்று 17 வருஷம் ஆண்டவன். அது வேறு கதை.

பாங்கோவுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவனிடம் சாட்சி இல்லை. பேசினால் தலை போகும். மாக்டஃப் முடிசூட்டுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினான், பிறகு எதிர்த்துக் கிளம்பினான். அதற்கு அவன் மனைவி மக்கள் விலையானார்கள். தன் பாவத்துக்காக அவர்கள் செத்தார்கள் என்று அவனே அழுகிறான். ஆகவே பேசுவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாங்கோவின் வாயை அடைத்தது பயம் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பயத்தோடு கூடவே வருங்கால லாபம் ஒன்றும் இருந்தது.

அவன் மட்டுமல்ல. வைத்தியர் எல்லாம் புரிந்தும் பேசத் துணியவில்லை என்கிறார். ராஸ் பிரபு கொடுங்கோலனின் விருந்திலும் இருக்கிறான், கடைசியில் ஜெயித்தவர் பக்கத்திலும் நிற்கிறான். நடுவில் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இந்த நாடகத்தின் குறை என்றே சொல்வேன். அல்லது உலகம் இப்படித்தான் என்று ஆசிரியர் விட்டுவிட்டாரோ என்னவோ.

நரக வாசலில் ஒரு தானியக்காரன்

மன்னன் கொலையான உடனே யாரோ கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள். குடிபோதையிலிருக்கும் வாயிற்காவலன், தான் நரகத்தின் கதவைத் திறக்கிறவன் என்று பாவித்துக்கொண்டு வேடிக்கை பேசுகிறான். கவிஞர் கோல்ரிட்ஜுக்கு இந்தக் காட்சி பிடிக்கவில்லை. இது ஷேக்ஸ்பியர் எழுதியதே அல்ல என்றார். எனக்கு இதுதான் நெஞ்சில் அறைந்த இடம்.

நரகத்துக்கு முதலில் வருகிறவன் யார் தெரியுமா? கொலைகாரன் இல்லை. விலை ஏறும் என்று தானியத்தைப் பதுக்கி, விளைச்சல் நன்றாக வரப்போகிறது என்று தெரிந்ததும் தூக்குப் போட்டுக்கொண்ட விவசாயி. இரண்டாவது, இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி இரட்டை நாக்கால் சத்தியம் செய்தவன். மூன்றாவது, துணி திருடின தையல்காரன். அரண்மனைக்குள்ளே ராஜகொலை நடந்திருக்க, வாசலில் நிற்பது கடைத்தெரு ஆட்கள்!

இன்னொரு விசித்திரம். 1598 பிப்ரவரியில், பஞ்சகாலத்து விசாரணையில், ஸ்ட்ராட்ஃபோர்டில் யார் யார் வீட்டில் எவ்வளவு தானியமும் மால்ட்டும் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார்கள். அதில் ஷேக்ஸ்பியர் பெயரும் இருக்கிறது, பத்து குவார்ட்டர், அதாவது 80 புஷல். அக்கம்பக்கத்தில் பலரும் அப்படி வைத்திருந்தவர்கள்தான். எட்டு வருஷம் கழித்து நரக வாசலில் அந்தத் தானியக்காரனை நிறுத்தினவரும் அவரே. அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் யூகிக்கப் போவதில்லை.

என் மனசில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். 1979-இல் பெரிய வறட்சி. சர்க்கரை, பருப்பு விலையெல்லாம் ஏறிக்கொண்டே போனது. நான் வேலை பார்த்த கடையில், முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக மூட்டைகளை வேறு கிடங்குக்கு மாற்றினார். மூட்டை நான் தூக்கவில்லை. மாற்றச் சொன்னதும் நான் இல்லை. இரண்டாம் நம்பர் கணக்கை எழுதினது நான். எழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். இருபது வயசு.

சந்தில் டீக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், தினமும் எங்களுக்குக் கடனில் டீ கொடுப்பவர், பத்து கிலோ சர்க்கரை கேட்டு வந்தார். ஸ்டாக் இல்லை என்றார் முதலாளி. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அந்த வருஷம் பூஜைக்கு எனக்கு இருநூறு ரூபாய் இனாம் கிடைத்தது. அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். பிள்ளை முன்னுக்கு வந்துவிட்டான் என்று அம்மா பதில் எழுதச் சொல்லியிருந்தாள்.

"நான் செய்யவில்லை" என்று ரொம்ப வருஷம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். விருந்து மண்டபத்தில் மாக்பெத் ஆவியிடம் சொன்னதும் அதுதான் என்று அச்சில் பார்த்த ராத்திரி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு மாசம் ஆயிற்று. பிறகு சொந்தக் கடை வைத்தேன். ஒரே பேரேடுதான் வைப்பது என்று தீர்மானித்தேன். அதனால் நஷ்டமும் பட்டிருக்கிறேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டீக்கடைப் பெரியவரிடம் கடைசி வரை அந்த விஷயத்தைச் சொல்லவும் இல்லை.

கூட்டு வியாபாரத்தில் லாபத்தைப் பங்கு போடலாம். நாலு பேர் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. பழி அப்படிப் பிரிவதில்லை. செய்தவனுக்கும், செய்வித்தவனுக்கும், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனுக்கும் ஆளுக்கொரு முழுப் பங்காகவே வருகிறது. 'மாக்பெத்' நாடகத்தில் நான் படித்துக்கொண்ட கணக்கு இதுதான்.

நம் பிள்ளைகள் இங்கே பெரிய ஆபீஸ்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மாக்பெத் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பாங்கோவாக இருக்கும்படிதான் அவர்களை அடிக்கடி கேட்பார்கள். பள்ளிக்கூடப் பாடமாக இந்த நாடகம் வீட்டுக்கு வரும்போது, பெற்றோர்கள் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பத்து வரி மௌனத்தைப் பற்றிக் குழந்தை கேள்வி கேட்டால், தெரிந்த வரைக்கும் உண்மையைச் சொல்லுங்கள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.